வெண்கலத் தகடு

ரப்பர் குழாயின் ஒரு முனை சென்சாரில் மாட்டியிருந்தது. மறு முனையை வாயில் வைத்து அனந்தமதி கன்னம் குழிய உறிஞ்சினாள். உறிஞ்சிய கையோடு நாக்கின் நுனியால் குழாயின் வாயை அடைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தால் குழாய் நாக்கைக் கவ்விப் பிடித்துக்கொள்ள வேண்டும், விடவே கூடாது. பிடித்தது. பிறகு, பால் குடித்த குழந்தை தூக்கத்தில் காம்பை விடுவதுபோல மெல்ல மெல்ல விட்டுவிட்டது. மறுபடி உறிஞ்சினாள். மறுபடியும் விட்டது.

"அம்மா, என்னா பண்ணிக்கினு இருக்க? மொதல்ல அத வாயிலேர்ந்து எடு."

ஷெட்டு வாசலில் மகன் ஸ்ரேயாஸ் நின்றுகொண்டிருந்தான். மல்லாட்டை மண்டிக்கு, வேர்க்கடலை வியாபாரத்துக்கு, கிளம்பிய கோலம், கையில் பைக் சாவி. அறுபது தாண்டிய அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பானெட் திறந்த காருக்கு முன்னால் கறுப்புக் குழாயைச் சப்பிக்கொண்டு நிற்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் யாராவது பார்த்திருப்பார்களோ என்று அவன் கண் ஒருமுறை மதில்மேல் போய் வந்தது. வாயைத் திறக்க முடியாததால் அனந்தமதி ஒரு விரலை உயர்த்திக் காட்டினாள். குழாய் மூன்றாவது முறையும் நாக்கை விட்ட பிறகுதான் பேசினாள்.

"லீக் ஆவுது. இதான். என் காலு இல்ல, இதான்."

"என்னாது?"

"கூட்டேரிப்பட்டுல வண்டி நின்னதுக்குக் காரணம்."

ஸ்ரேயாஸ் காரைப் பார்த்தான். சமணக் குடும்பத்து வண்டி என்பதால் திண்டிவனத்தில் அதற்கு நயினார் வண்டி என்று பெயர். அவனுடைய மறைந்த அப்பா ஜம்புகுமார் மெட்ராசில் ஒரு துணைத் தூதரகத்து ஏலத்தில் எடுத்த ஜெர்மன் கார். பாலேட்டின் நிறம், வட்ட விளக்குகள், பின்னால் 'இடப்பக்க ஸ்டியரிங்' என்று எழுதிய சிறு பலகை. கார்புரேட்டர் கிடையாது. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பதை, பாதியில் வெட்டிய முறுக்கு நாழி போன்ற ஒரு அலுமினிய டப்பா உணர்ந்து, சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டிக்குச் சொல்லும். அந்தப் பெட்டி அதற்கேற்ப பெட்ரோலை அளந்து பீய்ச்சும். டப்பா தப்பாகச் சொன்னால் பெட்டி தப்பாக ஊற்றும். அந்த டப்பாவின் குழாயைத்தான் அவள் இப்போது கையில் பிடித்திருந்தாள்.

"மெக்கானிக் சின்னதுரை அடுத்த வாரம் வந்து வண்டிய எடுத்துக்கினு போறேன்னு சொல்லிட்டாரு" என்றான் ஸ்ரேயாஸ். "இந்த இன்ஜெக்‌ஷன் சனியனையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு கார்புரேட்டர் வச்சிக் குடுத்துடுவாரு. அப்புறம் எப்பவாச்சும் கோயிலுக்குப் போவணும்னா டிரைவர் வச்சுப் போலாம். நீ இத நோண்டாத."

டிரைவர் வைத்து. அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கார் சாவி அவன் மண்டி மேசையின் இழுப்பறையில் இருந்தது. கூட்டேரிப்பட்டில் நடந்ததற்குப் பிறகு அங்கேதான் இருக்கிறது.

அன்று விழுப்புரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே வண்டி சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். பெட்ரோலைக் குடித்தது. ஸ்டார்ட் செய்தால் பின்னால் கறுப்பாகப் புகைத்தது, புடவையில் பெட்ரோல் வாசனை வந்தது. சொன்னால், பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்றார்கள். கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில் குறுக்கே ஒரு டிராக்டர் வர, வேகத்தைக் குறைத்தாள். அவ்வளவுதான். எஞ்சின் இரண்டு முறை விக்கியது, குப்பென்று ஒரு கறுப்புப் புகை, நின்றுவிட்டது. பின்னால் ஒரு பஸ்ஸின் பிரேக் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் சாவியைத் திருகித் திருகிப் பார்த்தாள். டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் ஓடி வந்து வண்டியை ஓரமாகத் தள்ளினார்கள். ஒருத்தன் போனில் படம் எடுத்தான். அதுகூட அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. தள்ளி முடித்த ஒரு பெரியவர், நல்ல மனதோடுதான், ஜன்னல் பக்கம் குனிந்து, "டிரைவரு வரலீங்களாம்மா?" என்று கேட்டாரே, அதுதான் வலித்தது. முப்பது வருஷமாக இந்த வண்டிக்கு அவள்தான் டிரைவர். ஜம்புகுமாருக்குச் சர்க்கரையில் பார்வை மங்க ஆரம்பித்ததும், விழுப்புரம், செஞ்சி, வல்லம் என்று மல்லாட்டை வாங்கப் போன இடமெல்லாம் அவரை உட்காரவைத்து ஓட்டியவள் அவள்தான். ஒரு கோடு விழுந்ததில்லை. அன்று ஓடி வந்த ஸ்ரேயாஸ் முதலில் கேட்டது, "கிளட்ச்ச சரியா வுட்டியாம்மா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அவள் அந்த வாரம் முழுக்க போனும் கையுமாக இருந்தாள். அதே மாடல் கார் வைத்திருக்கும் உலகத்து ஆட்கள் எங்கெங்கோ இருந்து எழுதும் குழு ஒன்றைக் கண்டுபிடித்தாள். கணக்குப் பட்டதாரி, இங்கிலீஷ் படிக்கத் தெரியும். கறுப்புப் புகை, பெட்ரோல் வாசனை, வேகம் குறைத்தால் நின்றுபோவது என்று மூன்றையும் எழுதினாள். போர்ச்சுகலிலிருந்து ஒருவர் ஒரே வரியில் பதில் போட்டார்: டப்பாவின் குழாயை உறிஞ்சிப் பாருங்கள்.

உறிஞ்சிப் பார்த்துவிட்டாள். இனி என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் ஸ்ரேயாஸ் அவளை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனான். பிபி பார்க்க வேண்டுமாம். தலை சுற்றி, கால் நழுவியிருக்கலாம் என்று அவனுக்கு ஒரு எண்ணம். நர்ஸ் அவள் கையில் துணியைச் சுற்றி பம்பை அழுத்தினாள். முள் ஏறியது. நர்ஸ் காற்றைத் திறந்துவிடுவதற்கு முன்பே முள் தானாக மெல்ல மெல்ல இறங்கியது. மறுபடி அழுத்தினாள், மறுபடி இறங்கியது.

"இது ஒரு பேஜாரு மிஷினு. காத்தே நிக்க மாட்டுது" என்றாள் நர்ஸ். "ஆர்த்தி அக்கா வந்தாதான் சரியாவும். இருங்க, வேற கொண்டாறேன்."

அனந்தமதி அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே மெல்லிய கைவிடல். நாக்கில் உணர்ந்ததைக் கண்ணால் பார்ப்பதுபோல இருந்தது.

"இதுக்குள்ள என்னாம்மா இருக்கும்?"

"ஏதோ மெல்லிசா ஒரு தகடு இருக்கும்னு அக்கா சொல்லும். எனக்கு எங்க தெரியும்."

வேறு மெஷினில் பார்த்ததில் பிபி நன்றாகவே இருந்தது. எழுந்திருக்கும்போது அனந்தமதி ஆர்த்தியின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். எதற்கு என்று ஸ்ரேயாஸ் கேட்கவில்லை. வீட்டுக்கு ஒரு பிபி மெஷின் வாங்கத்தான் என்று நினைத்திருப்பான்.

டப்பாவைக் கழற்ற கார் சாவி தேவைப்படவில்லை. நான்கு திருகாணி, ஒரு ஒயர், ஒரு குழாய். சாப்பாட்டுப் பையில் துண்டு சுற்றி வைத்து, பஸ் ஏறி விழுப்புரம் போனாள். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆர்த்தியின் கடை. கடை என்றால் ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொடலாம். சுவரெல்லாம் பிபி மெஷின் முகங்கள், ஆவி பிடிக்கும் மெஷின்கள், சளி உறிஞ்சும் பம்புகள். ஆர்த்திக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வளவனூர்ப் பக்கம், அப்பா கரும்பு போடுகிறவர். டிப்ளமோ முடித்து, இந்தச் சுற்றுவட்டாரத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளின் மெஷின்களையெல்லாம் ஸ்கூட்டரில் போய்ச் சரிசெய்து கொடுப்பவள். டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள்.

"கார் வேலை எனக்குத் தெரியாதேம்மா. நான் கைய வச்சி ஏதாவது ஆயிடுச்சின்னா?"

"காரு எனக்குத் தெரியும். இதுக்குள்ள இருக்கறது காத்து. அது உனக்குத் தெரியும்."

ஆர்த்தி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு எட்டி மேசை விளக்கைப் போட்டு, பெரிய பூதக்கண்ணாடியை இழுத்து வைத்தாள். "டாக்டருங்கல்லாம் என்ன பிபி மிஷின் பொண்ணுன்னுதான் கூப்புடுவாங்க. கார் டாக்டர்னு யாரும் இன்னும் கூப்பிடல. பாப்போம்" என்றாள்.

டப்பாவின் பின்பக்கத்து ஓட்டையைக் கல்லாக இறுகிய ஏதோ பிசினால் அடைத்திருந்தார்கள். தலைமுடி காயவைக்கும் மெஷினால் சூடாக்கி, ஊசியால் துளித்துளியாக நோண்டி எடுத்தார்கள். ஒருத்தி சூடு காட்ட, மற்றவள் நோண்டினாள். கை வலித்ததும் மாற்றிக்கொண்டார்கள். உள்ளே ஒரு சின்னத் திருகு தெரிந்தது. மூடியைக் கழற்றியதும், இரண்டு அப்பளத்தை விளிம்பில் ஒட்டியதுபோல உலோகத்தில் ஒரு பூரி, அதற்குப் பின்னால் அதே அளவில் இன்னொன்று, அவற்றோடு சேர்ந்து நகரும் ஒரு இரும்புத் தண்டு, தண்டைச் சுற்றிக் கம்பிச் சுருள். எல்லாவற்றுக்கும் கடைசியில், டப்பாவின் வாயை மூடியதுபோல ஒரு செந்நிறத் தகடு. சிகரெட் பெட்டியில் வரும் தாளைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான்.

ஆர்த்தி தகட்டை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். நடு ஓட்டையைச் சுற்றி அரை வட்டமாக, தலைமுடி போல, ஒரு வெளிச்சக் கோடு.

"பாத்தீங்களா? அம்பது வருஷமா உள்ளாரவும் வெளியேயும் மடங்கி மடங்கி வுட்டுப்போச்சு."

அனந்தமதி பார்த்தாள். இன்னொரு முறை காட்டச் சொல்லிப் பார்த்தாள். உடைந்துபோன ஒரு பொருளைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அந்த வெளிச்சக் கோட்டைப் போனில் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து ஸ்ரேயாஸிடமிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. அவ்வளவுதான். படத்தில் இருப்பது என்னவென்று அவனுக்குப் புரிந்ததா இல்லையா என்று அந்தக் கட்டைவிரலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

புதுத் தகடு வெளிநாட்டில் ஒருவர் விற்கிறார். ஆனால் அது கடல் தாண்டி வந்து சேர்வதற்குள் சின்னதுரை வண்டியின் வயிற்றைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார். "நாமளே செஞ்சிடலாமா?" என்று ஆர்த்திதான் முதலில் கேட்டாள். கேட்டுவிட்டு, தான் ஏன் கேட்டோம் என்று அவளே யோசிப்பதுபோலத் தெரிந்தது.

முதல் தகட்டைக் கடையில் கிடைத்த பித்தளைத் தாளில் வெட்டினார்கள். பழைய தகட்டில் மோதிரம் போல ஒரு பள்ளம் ஓடும். அது இருந்தால்தான் தகடு வளைந்து கொடுக்கும். அந்தப் பள்ளத்தை அழுத்துவதற்காக, மேல்பாகம் கீழ்பாகம் என்று இரண்டு இரும்பு அச்சுகளை லேத் பட்டறை செல்வகுமார் கடைந்து கொடுத்தார். இட்லித் தட்டா என்று கேட்டுவிட்டு, விஷயத்தைச் சொன்னதும் இன்னொரு முறை மெருகேற்றிக் கொடுத்தார். அச்சுக்கு நடுவில் தாளை வைத்து, மேசையில் பதித்த வைஸ் பிடியில் இறுக்கியபோது பித்தளை பொறுக்கவில்லை. பள்ளத்தின் விளிம்பில் நீளமாகக் கிழிந்தது. ஆர்த்தி கிழிந்த தகட்டை மேசைமேல் போட்டாள்.

"நானு ஜல்தியில இறுக்கிட்டேன். இந்தத் தாளும் சரியில்ல. பாஸ்பர் பிரான்ஸ்னு ஒண்ணு இருக்கு, வெண்கலந்தான், ஸ்பிரிங்கு மாதிரி வரும். மெட்ராஸ்லேர்ந்து கொரியர்ல வரவெக்கிறேன். அதுவும் கிழிஞ்சா விட்டுடலாம்மா. சரியா?"

"கிழியாது" என்றாள் அனந்தமதி. எந்த நம்பிக்கையில் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வெண்கலத் தாள் வந்த அன்று வைஸ் கைப்பிடியை அவளே வாங்கிக்கொண்டாள். கால்வாசிச் சுற்று திருகினாள், நிறுத்தினாள். உலோகம் தன் பாட்டுக்கு உட்காரட்டும் என்று கொஞ்சம் காத்தாள். மறுபடி கால்வாசி. ஆர்த்தி பக்கத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை தனக்குப் பழக்கமானது என்று அனந்தமதிக்குத் தோன்றியது. ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைப் பின்னால் போகவிடாமல் எடுக்கும்போது கால் செய்யும் வேலைதான் இது. எங்கே பிடிக்கிறது, எங்கே விடலாம் என்று கேட்டுக் கேட்டுச் செய்வது. எவ்வளவு நேரம் ஆயிற்றோ, அச்சைப் பிரித்தபோது உள்ளே பள்ளம் ஒழுங்காக ஓடிய ஒரு செந்நிற வட்டம் இருந்தது. சுருக்கமில்லை, கிழிசலில்லை. ஆர்த்தி அதை விளக்குக்கு எதிரே பிடித்தாள். வெளிச்சம் எங்கும் வரவில்லை.

பூட்டி முடித்து, குழாயில் கை பம்பை மாட்டிக் காற்றை இழுத்தார்கள். முள் ஏறி நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொழுது சாயுதும்மா. சாப்ட்டுடுங்க" என்றாள் ஆர்த்தி. சூரியன் போன பிறகு அனந்தமதி சாப்பிடமாட்டாள் என்பது இந்த நாட்களில் அவளுக்குப் பழகியிருந்தது. முள்ளை அப்படியே விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து, அனந்தமதி கொண்டுவந்த புளிசாதத்தை இருவரும் பகிர்ந்து தின்றார்கள். அனந்தமதியின் கண் உள்ளேயே இருந்தது. இரண்டு முறை எழுந்து போகப் பார்த்தாள். இரண்டு முறையும் ஆர்த்தி கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "பாத்துக்கினே இருந்தா நிக்காது. சாப்புடுங்க." கை கழுவி உள்ளே போய்ப் பார்த்தபோது முள் விட்ட இடத்திலேயே இருந்தது. ஒரு கோடுகூட இறங்கவில்லை. அனந்தமதி பம்பைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கை வைத்தாள். மெஷின் சொன்னது போதவில்லை அவளுக்கு. குழாய் கவ்விப் பிடித்தது. பிடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அவள்தான் நாக்கைப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

ஆர்த்தி மீட்டரை வைத்துச் சுருளின் அளவைப் பார்த்து, போர்ச்சுகல்காரர் தன் வண்டியில் எடுத்து அனுப்பிய அளவுக்கு உள் திருகைச் சரிசெய்தாள். "இது தோராயம்தான். மிச்சத்த ரோட்டுல ஓட்டிப் பாத்துதான் திருகணும்" என்றாள்.

அதற்குச் சாவி வேண்டும்.

சின்னதுரை வண்டியை எடுக்க வந்த காலையில் ஷெட்டில் எல்லாரும் இருந்தார்கள். டப்பாவை அனந்தமதி முந்தின நாளே மாட்டி வைத்திருந்தாள். ஆர்த்தி ஸ்கூட்டரில் வந்திருந்தாள். ஸ்ரேயாஸ் சாவியோடு வந்தான், அதைச் சின்னதுரையிடம் கொடுப்பதற்காக. சின்னதுரை மோசமான மெக்கானிக் இல்லை. திண்டிவனத்தில் பாதி வண்டிகள் அவர் கையில்தான் ஓடுகின்றன. இந்த வண்டிக்கு மூளை இருக்கிறது, மூளை இருக்கும் வண்டியோடு தன்னால் மாரடிக்க முடியாது என்று வெளிப்படையாகச் சொல்பவர். அவர் திறந்த பானெட்டைக் குனிந்து பார்த்தார்.

"இந்த டப்பாவத் தொறந்து மூடியிருக்காப்ல இருக்கே. யாரு செஞ்சது?"

"நாங்க ரெண்டு பேரும்" என்றாள் அனந்தமதி.

சின்னதுரை ஆர்த்தியைப் பார்த்தார், பிறகு ஸ்ரேயாஸைப் பார்த்தார். "ஒரு வாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடலாமே தம்பி. இங்கேயே நிக்கட்டும், என்னா இப்ப."

அவரே உட்கார்ந்து சாவியைத் திருகினார். எஞ்சின் முதல் திருகலிலேயே பிடித்தது. கொஞ்சம் ஏறி, இறங்கி, பிறகு ஒரே நிலையில் நின்று மெதுவாக ஓடியது. சின்னதுரை இறங்கிப் பின்னால் போய்ப் புகைக்குழாய்க்கு முன்னால் உள்ளங்கையை நீட்டி, கையை மோந்து பார்த்தார். கறுப்பு இல்லை.

"இந்த வண்டில இப்படி ஒரு சத்தத்த நான் கேட்டதே இல்ல" என்றார். அவருக்கு அதில் வருத்தமும் இல்லை, பொறாமையும் இல்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் முடியல சார்" என்றாள் ஆர்த்தி. "லோடுல ஓட்டிப் பாத்து ஒரு திருகு வைக்கணும்."

"சின்னதுரை அண்ணனே ஓட்டட்டும்" என்றான் ஸ்ரேயாஸ்.

"அண்ணனுக்கு இந்த வண்டியோட சத்தம் தெரியாது" என்றாள் அனந்தமதி. "எங்க விக்குது, எங்க இழுக்க மாட்டுதுன்னு எனக்குத்தான் தெரியும். சாவியக் குடு ஸ்ரேயாஸ்."

ஸ்ரேயாஸ் எட்டி எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டான். எஞ்சின் நின்றதும் ஷெட்டு திடீரென்று அமைதியானது. அவன் அம்மாவைப் பார்க்காமல் பேசினான்.

"அன்னிக்கு நான் வந்தப்ப அந்த பஸ்ஸு இன்னும் அங்கேயே நின்னுக்கினு இருந்துச்சு. நீ டீக்கடையில உக்காந்திருந்த. ஒன் வண்டி நின்ன எடத்துக்கும் அந்த பஸ்ஸுக்கும் நடுவுல எவ்ளோ எடம்னு டிரைவரு காட்டினாரு. என் கைய வச்சுப் பாத்தேன். இவ்ளோதாம்மா." கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளியைக் காட்டினான். "அன்னியிலேர்ந்து ராவுல எனக்கு அந்த எடந்தான் கண்ணுல வருது."

அனந்தமதிக்கு இது தெரியாது. அவன் தன்னை நம்பவில்லை என்று மட்டும்தான் நினைத்திருந்தாள். மகனின் விரித்த கையைப் பார்த்தாள். சொல்ல என்னென்னவோ வந்தது. கிளட்ச்சைப் பற்றிக் கேட்டாயே என்பதும் அதில் இருந்தது. அதைச் சொல்லவில்லை.

"பயமாத்தான் இருக்கும்" என்றாள். "எனக்கும் இருந்துச்சு. பின்னால ஏறு. நீயும் வா."

செஞ்சி ரோட்டில் போனார்கள். இடப்பக்க ஸ்டியரிங்கில் அனந்தமதி, அவளுக்கு வலப்பக்கம் ஆர்த்தி மடியில் சின்ன ஸ்க்ரூ டிரைவரோடு, பின்னால் ஸ்ரேயாஸ். ஊரைத் தாண்டினார்கள். வேகம் எடுத்ததும் வண்டி லேசாக விக்கியது. அனந்தமதி ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினாள். "கொஞ்சம் பசியோட இருக்கு. எண்ணெ விடுற மாதிரி, ஒரு சொட்டு பெட்ரோல கூட்டு." ஆர்த்தி பானெட்டைத் தூக்கி, ஓட்டைக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டு ஒரு மயிரிழை திருப்பினாள். மறுபடி ஓட்டினார்கள். இப்போது விக்கல் இல்லை, ஆனால் ஏற்றத்தில் வண்டி கனத்தது. "கூடிப்போச்சு. பாதி எடு." மறுபடி நிறுத்தம். ஒருத்தி காதாலும் இடுப்பாலும் உள்ளங்காலாலும் கேட்டுச் சொன்னாள், மற்றவள் அதை ஸ்க்ரூ டிரைவர் முனையின் அசைவாக மாற்றினாள். என்ன செய்கிறார்கள் என்று பைக்கில் வந்த இருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஸ்ரேயாஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாவது நிறுத்தத்தில் அவனே இறங்கி வந்து பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

வல்லம் போகும் வழியில் கரும்பு டிராக்டர் ஒன்று முன்னால் போனது. இரண்டு டிரெய்லர், ரோட்டை அடைத்துக்கொண்டு, கட்டை மீறித் தொங்கும் சோகை இலைகள் தாரைத் தடவிக்கொண்டே போயின. இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவளுக்கு எதிரே என்ன வருகிறது என்று டிராக்டரைத் தாண்டித் தெரியாது. வலப்பக்கம் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆர்த்தி எட்டிப் பார்த்தாள். "ஒண்ணும் வரலன்னு நெனைக்கிறேன்மா. எனக்கு ஸ்கூட்டர் கணக்குதான் தெரியும், காரு எவ்ளோ தூரம் வேணும்னு..." என்று இழுத்தாள். அனந்தமதி காலைத் தளர்த்தி டிராக்டருக்குப் பின்னாலேயே போனாள். சோகையிலிருந்து தூசி கண்ணாடியில் கொட்டியது. பின்னால் ஜன்னல் கண்ணாடி இறங்கும் சத்தம் கேட்டது. ஸ்ரேயாஸ் வலப்பக்க ஜன்னலில் தலையையும் பாதி உடம்பையும் வெளியே நீட்டியிருப்பதைப் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தாள். காற்றில் அவன் சட்டை உப்பியது.

"ஒரு பைக் வருது. இரு." பைக் கடந்து போனது. "இப்ப இல்ல. வளைவு." வளைவு நேரானது. "காலி. போலாம்மா, போ."

அனந்தமதி காலை அழுத்தினாள். வண்டி யோசிக்கவில்லை, விக்கவில்லை, ஒரே இழுப்பாக எழும்பிப் போயிற்று. கரும்பு, சக்கரம், மறுபடி கரும்பு, டிராக்டர்க்காரரின் தலைப்பாகை, அவ்வளவும் வலமிருந்து இடமாக வழுக்கிப் பின்னால் போயின. அவர் கையை உயர்த்தினார். எதிரே ரோடு வெறுமையாக, வெயிலில் வெளுத்துக் கிடந்தது. ஆர்த்தி சிரித்துவிட்டாள். வளவனூரில் அப்பாவின் டிராக்டரை இப்படி யார் முந்தினாலும் அவருக்குக் கோபம் வரும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அனந்தமதி சிரிக்கவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். நகக்கண்ணில் இன்னும் வெண்கலத் தூள் இருந்தது.

மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு கொல்லையோரம் நிறுத்தினார்கள். எஞ்சினை அணைக்கவில்லை. "இதுக்கு மேல தொடாத. இப்படியே இருக்கட்டும்" என்றாள் அனந்தமதி. ஆர்த்தி பானெட்டைத் தூக்கி, பையைத் துழாவி, ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் குப்பியை எடுத்தாள். அதிர்வில் திருகு நகராமல் இருக்க, சரிசெய்த பிபி மெஷின்களுக்கெல்லாம் அவள் வைக்கும் முத்திரை. குச்சியைத் தோய்த்து, ஓட்டைக்குள் திருகின் தலைமேல் ஒரு சொட்டு விட்டாள். கொல்லையில் குனிந்திருந்த பெண்கள் செடியும் கையுமாக நிமிர்ந்து, ரோட்டோரம் நின்று தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்த அந்தப் பாலேட்டு நிறக் காரைப் பார்த்தார்கள். "யாரு ஓட்டிக்கினு வந்தது?" என்று ஒருத்தி கேட்டது காற்றில் வந்தது.

தூரத்தில் கரும்பு டிராக்டர் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. ஸ்ரேயாஸ் குனிந்து இரண்டு உள்ளங்கையையும் குவித்து, தூசி படாதபடி டப்பாவின் வாய்க்கு மேல் கூரை போலப் பிடித்தான். எஞ்சின் அவன் விரல்களை லேசாக அதிரவைத்தது. டிராக்டர் கடந்து போயிற்று, தூசி கடந்து போயிற்று. அவன் கைகளை எடுக்கவில்லை. விரல் இடுக்கு வழியே உள்ளே பார்த்தபடி, சிவப்புச் சொட்டு காய்வதற்காக மெல்ல ஊதிக்கொண்டிருந்தான்.